எண்ணெய் வாடை வந்த அறை

என் மூத்த மகள் கொட்டகலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். போன கிழமை வகுப்பில் பெற்றோலியம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பெற்றா என்றால் கல், ஓலியம் என்றால் எண்ணெய், ஆகவே இது கல்லெண்ணெய் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளே, நீங்கள் சிரித்தீர்களாம். கல்லைச் செக்கில் போட்டு ஆட்டினால் எண்ணெய் வருமா டீச்சர் என்று ஒருவர் கேட்டாராம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, ஒயிலோடயே காலம் தள்ளுனவரு நீங்க. ஓலியம்ங்கிற சொல்லு உங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. வகுப்புல வாசிச்சுக் காட்டுறேன்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்த ஒரு சொல்லைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தச் சொல்தான் ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்ட வேலையைக் காப்பாற்றியது.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஒயில்காரனாக இருந்தேன். முதலில் கொழுந்துச் சாக்கு தூக்கினேன். பிறகு மேல் தட்டில் இலை வாட்டினேன். பழைய ஒயில்காரருக்குக் கண் மங்கியதும் அவருடைய ஒயில் கேனை என் கையில் கொடுத்தார்கள். பழகியது அவ்வளவுதான். பிறகு ஓய்வு பெறும்வரை அந்தக் கேனை நான் கீழே வைக்கவில்லை.

தொழிற்சாலையை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே ரோலர் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. பெரிய பித்தளை மேசை, அதன்மேல் வட்டமாகச் சுற்றும் ஒரு பெட்டி. வாடிய இலையை அந்தப் பெட்டிக்குள் போட்டால், மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கிச் சுருண்டு சாறு வெளியே வரும். இப்படி இரும்போடு இரும்பு உரசுகிற இடமெல்லாம் ஒயில் கேட்கும். ஆனால் அதற்கு ஒரு சாண் தள்ளி இலை கிடக்கிறது. தேயிலையைப்போல வாடை பிடிக்கிற சாமான் உலகத்தில் இல்லை. பக்கத்தில் வெங்காயம் இருந்தால் வெங்காயம், சவர்க்காரம் இருந்தால் சவர்க்காரம், எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு ஒயில் பட்டால் அந்தத் தேயிலை குப்பைக்குத்தான் போக வேண்டும்.

அதனால் என் வேலையில் போடுவது பாதி, துடைப்பது பாதி. காலையில் இயந்திரம் ஓடுவதற்கு முன் ஒவ்வொரு ஒயில் கிண்ணத்தின் மூடியையும் திறந்து, கேனின் மூக்கை உள்ளே நுழைத்து, மெதுவாக அழுத்துவேன். மூக்கை வெளியே எடுக்கும்போது நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டுத்தான் எனக்கு எதிரி. இடது கையில் பஞ்சுக் கழிவை வைத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மூடியைத் துடைத்து, அச்சைத் துடைத்து, கீழே வைத்த தகரத் தட்டைத் துடைத்து, கடைசியில் புறங்கையால் மேசையின் அடிப்பக்கம் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் திரும்ப முதலிலிருந்து. வேலை முடிந்ததும் சாம்பலும் சுடுதண்ணீரும் போட்டுக் கை கழுவுவேன். சவர்க்காரம் தொடக் கூடாது.

எவ்வளவு கழுவினாலும் என் உடம்பில் ஒயில் வாடை போகாது. தேயிலை சலிக்கிற அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். அதன் வாசலைத் தாண்டிப் போனால் போதும், உள்ளே காம்பு பொறுக்குகிற பெண்கள் தொடங்கிவிடுவார்கள். "மூக்கப் பொத்துங்கடி, ஒயில் மாமா வர்றாரு." ஒருத்தி சொல்ல, எல்லோரும் முந்தானையை முகத்தில் வைப்பார்கள். நானும் அவர்களைப் பார்த்துக் கேனைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவேன்.

எங்கள் எல்லோருக்கும் மேலே டீமேக்கர் சவரிமுத்து ஐயா. தேயிலை நன்றாக வந்தாலும் கெட்டாலும், தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார், வெற்றிலை போட மாட்டார், அவர் வீட்டில் பூண்டு உரிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று பேசிக்கொள்வார்கள். காலையில் வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் ஒரு தடவை மூக்கால் பார்ப்பார். "என்னாப்பா, நேத்து வீட்டுல கருவாடா? இன்னைக்கு நீ மேல் தட்டுக்குப் போ." அதில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. வானிலை சொல்வதுபோலச் சொல்வார்.

அவர் தேயிலை ருசி பார்ப்பதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பல தடவை பார்த்திருக்கிறேன். சிறிய தராசில் தேயிலையை நிறுத்து, வெள்ளைப் பீங்கான் சட்டியில் போடுவார். தண்ணீர் கொதித்து எழும்பும் நேரத்தில் பிடித்து ஊற்றி மூடுவார். மணல் கடிகாரத்தில் மணல் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து, முதலில் இலையை முகர்வார். பிறகு கரண்டியில் எடுத்து, சர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சுவார். சின்னப் பிள்ளைகள் அப்படிக் குடித்தால் வீட்டில் அடி விழும். உறிஞ்சியதை விழுங்காமல் துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கோயிலில் நிற்பவர்கள்கூட அவ்வளவு அமைதியாக நிற்பதில்லை.

என் மகள் பிறப்பதற்கு முந்தைய மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகச் செய்தி வந்தது. தேயிலை ருசி பார்த்து விலை சொல்லுகிற ஆள். தோட்டம் முழுவதும் பரபரப்பு. துரை தானே நின்று எல்லாவற்றையும் சுத்தம் பண்ணச் சொன்னார். எங்கள் துரை சிங்களவர், எங்களோடு பேசிப் பேசி நன்றாகத் தமிழ் கற்றுக்கொண்டவர். ருசி அறையின் சீமெந்துத் தரை வெடித்துக் கிடந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பங்களாவின் சாமான் அறையில், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சுருட்டியே வைத்திருந்த தரை விரிப்பு ஒன்று இருந்தது. பச்சை நிறம், தடிப்பு, தோல் மாதிரி வழவழப்பு. அதைக் கொண்டுவந்து அறை முழுவதும் விரித்தார்கள். அறை பங்களா மாதிரி ஆகிவிட்டது.

கொழும்புக்காரர் வந்தார். அன்று நல்ல வெயில், ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தது. அவர் முதல் கிண்ணத்தை முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னாராம். ஆனால் அது தொழிற்சாலையின் கடைசிச் சுவர்வரை கேட்டதுபோல எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எண்ணெய் என்றால் யார்? நான்தான்.

துரை என்னைக் கூப்பிட்டு, அந்த அறையிலேயே நிற்க வைத்துக் கேட்டார். நான் ஒரு சொட்டும் விடவில்லை என்று சொன்னேன். நான் பேசப் பேச அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், என் வாடையும் அதோடு சேர்ந்து அடித்திருக்கும். ரோலர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இல்லாததே எனக்குக் கெட்டதாகப் போயிற்று. இயந்திரத்தில் பிழை இல்லை என்றால் ஆளிடம்தான் பிழை என்று முடிவாயிற்று. நாளை மறுநாளிலிருந்து நான் தேயிலை மலை வேலைக்குப் போக வேண்டும், நாங்கள் குடியிருந்த, தொழிற்சாலை ஆட்களுக்குரிய லயத்துக் காம்பராவையும் விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் என் மனைவிக்கு நிறைமாதம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏங்க, வேற தோட்டத்துல கேட்டுப் பாக்கலாம்ல?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? தேயிலையில் ஒயில் விட்டவன் என்று பெயர் வந்துவிட்டால் இறம்பொடைவரைக்கும் எந்தத் தொழிற்சாலை வாசலையும் மிதிக்க முடியாது. அடுத்த நாள் சலிக்கிற அறையின் வாசலைத் தாண்டிப் போனேன். ஒருத்தியும் மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் குனிந்து காம்பு பொறுக்கினார்கள். பிள்ளைகளே, அந்த அமைதியைப் போல எதுவும் எனக்கு அதற்குமுன் வலித்ததில்லை.

அன்று காலை சவரிமுத்து ஐயா என்னைக் கூப்பிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஒண்ணும் சொல்லாத. போயி அந்தச் சவுக்கு மரத்தடியில நில்லு. நான் கூப்பிடுற வரைக்கும் கிட்ட வராத. உன் வாடை எனக்குக் குறுக்க வருது."

மரத்தடியில் நின்றேன். அங்கிருந்து ஜன்னல் நேராகத் தெரியும். ஐயா, குற்றம் சொல்லப்பட்ட அதே தேயிலையை எடுத்து அறைக்குள் ஊற்றினார், முகர்ந்தார். பிறகு சட்டி, கிண்ணம், வெந்நீர்க் கேத்தல் எல்லாவற்றையும் வெளியே சுமந்துவந்து, வாசலில் காற்றாட ஒரு பலகைமேல் வைத்து, அதே தேயிலையை ஊற்றினார். அதே தராசு, அதே மணல், அதே அளவு. முகர்ந்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். வெளியே ஊற்றிய கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அங்கே வைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர்ந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். அது இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாதிரிக்கு வந்த தேயிலை என்று பிறகுதான் எனக்குத் தெரியும். அதையும் அறைக்குள் ஊற்றினார். அந்தக் கிண்ணத்தின்மேல் குனிந்தவர் வெகுநேரம் எழும்பவில்லை.

திடீரென்று ஜன்னலில் ஆளைக் காணவில்லை.

மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். வாசலில் போய்ப் பார்த்தால், இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு ஐயா முழங்காலில் நிற்கிறார். இரண்டு கையையும் ஊன்றி, வெயில் விழுந்த இடத்தில் மூக்கைத் தரையோடு வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"வந்துட்டியா? பரவாயில்ல, இனிமே நீ வரலாம். குனிஞ்சு மோந்து பாரு. உன் ஒயிலா இது?"

குனிந்தேன். என் ஒயில் இல்லை. பழைய, கொஞ்சம் இனிப்பான, மரத்தோடு சேர்ந்த ஒரு எண்ணெய் வாடை. எங்கேயோ முகர்ந்திருக்கிறேன். பங்களாவுக்குச் சாமான் கொண்டுபோகும் நாட்களில், பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து துரை தன் கிரிக்கெட் மட்டைக்கு ஏதோ பூசுவார். அந்த வாடை. அதைச் சொன்னதும் ஐயா முதல்முறையாகச் சிரித்தார்.

"அது ஆளி விதை எண்ணெய். இந்த விரிப்புக்கு என்னா பேருன்னு தெரியுமா? லினோலியம். லினும்னா ஆளிச் செடி. ஓலியம்னா எண்ணெய். எண்ணெய காய வச்சுத் தரையாக்கி இருக்காங்கப்பா. இத்தனை வருசம் சுருட்டியே கிடந்துச்சு. இப்ப வெயிலும் கேத்தல் ஆவியும் பட்டதும் மூச்சு விடுது."

எண்ணெயில் ஒரு தரையா? நான் இத்தனை காலம் துடைத்துத் துடைத்து ஒழித்த பொருளின்மேல் மனிதர் நடக்கிறார்களா? தன் பெயரையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு அது அங்கே கிடந்திருக்கிறது. கேட்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஐயாவிடம் கேட்டேன். சின்ன வயதில் ஹட்டன் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் பூசைக்கு உதவி செய்வாராம். அப்போது எல்லாம் லத்தீன். சாகக் கிடப்பவர்களின் நெற்றியில் பூசுவதற்கு ஒரு சிறிய வெள்ளிச் சிமிழில் எண்ணெய் இருக்கும், அதன் மூடியில் ஓலியம் என்று வெட்டியிருக்கும். சாமியாரின் பின்னால் அந்தச் சிமிழை ஏந்திக்கொண்டு லயம் லயமாக நடந்திருக்கிறார்.

துரை பத்து மணிக்கு வந்தார். ஐயா மூன்று கிண்ணத்தையும் வரிசையாக வைத்திருந்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். துரை ஒவ்வொன்றாக முகர்ந்தார். கடைசிக் கிண்ணத்திலும் எண்ணெய் வாடை அடிக்கவே, "எல்லாமே போச்சா?" என்றார்.

"சேர், அந்தக் கடைசித் தேயிலை நம்மளுது இல்ல. அது நம்ம ரோலரப் பாத்ததே இல்ல."

துரை அந்தக் கிண்ணத்தைத் திரும்ப எடுத்து முகர்ந்தார்.

"எண்ணெய் இந்த அறையிலதான் இருக்கு சேர். ஆனா அத இவன் கொண்டு வரல."

"அப்ப யாரு கொண்டு வந்தது?"

விரிப்பைப் போடச் சொன்னது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். சவரிமுத்து ஐயா கீழே பார்த்துக்கொண்டு, "நாமதான் சேர்" என்றார்.

நாம் என்றார். நீங்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. அந்த ஒரு சொல்லில் துரையின் மரியாதையையும் என் வேலையையும் ஒன்றாகத் தூக்கி வைத்தார். பிறகு லினும், ஓலியம் என்று இரண்டு சொல்லையும் பிரித்துச் சொன்னார். துரை விரிப்பின் ஒரு மூலையை மடித்துத் தூக்கி முகர்ந்தார். அவருடைய முகம் மாறியது.

"இது நம்ம பேட் வாசம் தானே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போய் உன் வேலையப் பாரு" என்றார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் வேலை என்று அவர் சொன்னதே எனக்குப் போதும். அன்றே அவர் கொழும்புக்குப் பேசி, அதே தேயிலையை அங்கே அனுப்பி ருசி பார்க்க வைத்தார். குற்றம் இல்லை என்று பதில் வந்தது.

நான் கேனை எடுத்துக்கொண்டு ரோலர் பக்கம் போனேன். சலிக்கிற அறையின் வாசலைத் தாண்டும்போது கால் தானாக மெதுவானது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மூக்கப் பொத்துங்கடி, ஒயில் மாமா வந்துட்டாரு."

அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் நான் மேசைக்கு அடியில் போய் முகத்தை மறைத்துக்கொண்டேன். பஞ்சுக் கழிவால் கண்ணைத் துடைத்து, கண்ணில் ஒயில் பட்டு எரிந்ததுதான் மிச்சம்.

பின்னேரம் சவரிமுத்து ஐயா ரோலர் பக்கம் வந்தார். சுருண்டு விழுந்த இலையில் ஒரு பிடி எடுத்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"இந்த வாசம் எங்கேருந்து வருதுங்கிற? இதுவும் எண்ணெய்தான்ப்பா. இலைக்குள்ள இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. வாட்டுறது, சுருட்டுறது, காய வைக்கிறது எல்லாம் அதைப் பறக்க விடாமப் பிடிச்சு வைக்கத்தான். நீ இரும்புக்குப் போடுறதும் எண்ணெய், இலை வச்சிருக்கிறதும் எண்ணெய். ரெண்டும் சந்திக்கக் கூடாது. நம்ம தொழில் அம்புட்டுதான்."

அதற்குப் பிறகு எனக்கு அந்தச் சொல் எங்கே பார்த்தாலும் கண்ணில் படும். ஒயில் பீப்பாயின்மேல் பெற்றோலியம் என்று இருக்கும். பனிக்கு உதடு வெடித்தால் பூசுகிற பெற்றோலியம் ஜெல்லியிலும் இருக்கும். என் மகள் வளர்ந்து மேல்படிப்புப் படித்தபோது இன்னும் ஆழத்துக்குப் போய்ச் சொன்னாள். ஒயில் என்ற ஆங்கிலச் சொல்லே ஓலியத்திலிருந்து வந்ததாம். அந்த ஓலியம் கிரேக்கர்கள் ஒலிவ் மரத்துக்கு வைத்த பெயரிலிருந்து வந்ததாம். ஒரு மரத்தின் பழத்தைப் பிழிந்தவர்கள், அதன் பெயரையே பிறகு எல்லா எண்ணெய்க்கும் வைத்துவிட்டார்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? எள்ளிலிருந்து எடுத்த நெய்யை எண்ணெய் என்றோம். பிறகு தேங்காய் எண்ணெய், ஆமணக்கு எண்ணெய், நிலத்துக்கு அடியிலிருந்து வந்ததற்குக்கூட மண்ணெண்ணெய். அதில் ஒரு எள் விதையும் கிடையாது. அங்கே ஒலிவ் பழம், இங்கே எள்ளு. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த, ஒருவரையொருவர் பார்க்காத மனிதர்கள் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அதனால், கல்லை ஆட்டினால் எண்ணெய் வருமா என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்கிறேன்: உன் கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை. மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்த நம் ஆட்களும், கல்லெண்ணெய் என்று பெயர் வைத்த அந்த ஆட்களும், அது நிலத்துக்குள்ளிருந்து வருவதைப் பார்த்து உன்னைப் போலத்தான் திகைத்து நின்றிருப்பார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த விரிப்பைத் தூக்கி எறியச் சொல்லி துரை உத்தரவு போட்டார். ஐயா அதைச் சுருட்டிக் கட்டி, என்னைக் கூப்பிட்டார்.

"தூக்கிட்டுப் போ. உன் பேரக் கெடுக்கப் பாத்தது. உன் வீட்டுல கிடந்து மிதி படட்டும்."

லயத்துக் காம்பராவின் தரை எவ்வளவு குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். விரிப்பை விரித்தோம். அடுத்த மாதமே மகள் பிறந்தாள். அவள் குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், சுவரைப் பிடித்து எழும்பி முதல் அடி வைத்ததும் அதன்மேல்தான். ஓரமெல்லாம் கிழிந்து, பச்சை நிறம் போய், வருடங்களோடு அது தேய்ந்துவிட்டது. ஒரு துண்டு மட்டும் இப்போதும் என் தையல் இயந்திரத்துக்கு அடியில் கிடக்கிறது. மத்தியான வெயில் அதன்மேல் படும்போது குனிந்து முகர்ந்தால் அந்த வாடை இன்னும் லேசாக வரும்.

டீச்சருக்கு இது தெரியாது. அவள் கரும்பலகையில் ஓலியம் என்று எழுதினாள் என்று கேட்டபோது நான் ஏன் சிரித்தேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள் அல்லவா? நீங்களே அவளைப் பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளே: டீச்சர், நீங்கள் நடக்கப் பழகியதே அதன்மேல்தான்.